கவட்டை ஊசியின் ஒரு கால்

ஒரு கால் குட்டையாக இருந்தது. வைரமணி ஊசியை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், நைட்டி நுனியால் துடைத்துவிட்டுப் பார்த்தாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். குட்டைதான். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் இப்படித்தான் தெரியும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னொரு முறை துடைத்தாள். சமாதானம் சொன்னால் கேட்கிற மனமா அது, அதற்குள் அடுத்த தெருவுக்கு ஓடிவிட்டிருந்தது. கவட்டை ஊசி என்பது கடையில் விற்கிற சாமானில்லை, அவளே செய்துகொள்வது. பெரிய காதுள்ள ஊசியாகப் பார்த்து எடுத்து, காதின் உச்சியை மட்டும் வெட்டிவிட்டால் உண்டிவில் கவட்டை மாதிரி இரண்டு கால் நிற்கும். கூர்முனையைப் பழைய பெயிண்ட் பிரஷ் கட்டைக்குள் இறக்கிவிட்டால் கைப்பிடி ஆயிற்று. இரண்டு காலுக்கும் நடுவே முடிக்கற்றையை மடித்து மாட்டி, பொம்மைக் குதிரையின் கழுத்தில் இருக்கிற துளையில் வைத்து அழுத்தினால் முடி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், ஊசி வெளியே வந்துவிடும். துளைக்கு ஒரு குத்து. நாற்று நடுகிற மாதிரிதான், குனிய வேண்டாம், அவ்வளவே வித்தியாசம். ஒவ்வொரு குதிரை முடிந்ததும் ஊசிகளை எண்ணெய்க் கல்லில் லேசாகத் தேய்த்து, பிசிறு இருக்கிறதா என்று கிழிந்த நைலான் சாக்ஸில் இழுத்துப் பார்த்து, தையல் மெஷின் எண்ணெய் தடவி, தெர்மாகோல் துண்டில் குத்தி வைப்பாள். பிசிறு இருந்தால் முடியை அறுத்துவிடும். இன்றைக்கு சாக்ஸ் பிடித்துக்கொண்டது. இழுத்தாள், இன்னும் பிடித்துக்கொண்டது. பிசிறு என்று நினைத்துத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். பிசிறில்லை, முறிவு. காணாமல் போன துண்டு ஓர் எள்ளின் நீளம் இருக்கும். எள் என்றால் கொழுக்கட்டையில் போட்டுத் தின்னலாம். இது எஃகு, ஒரு பக்கம் உடைந்த கூர்.

அந்த எள் எங்கே. இதுதான் கேள்வி, இது ஒன்றுதான் கேள்வி, ஆனால் ஒரு கேள்வி எத்தனை வாசலைத் திறந்துவிடுகிறது. குதிரைக்குள் இருக்கலாம். வெளிர் நீலக் குதிரை, ஊதாப் பிடரி, மேஜைமேல் சிரித்துக்கொண்டு நிற்கிறது, நேற்றுத்தான் முடிந்தது, உள்ளே பசை ஊற்றி, வெந்நீரில் காட்டிக் கழற்றிய தலையை மறுபடி பொருத்தி, பிடரிக்குச் சீப்புப் போட்டுத் தயாராக வைத்திருக்கிறது. கோகிலவாணியின் மகள் மிருதுளாவின் குதிரை. அந்தப் பெண் பிடரியைக் கடித்துக்கொண்டால்தான் தூங்குமாம். கடித்துக் கடித்தே மொட்டையாக்கிவிட்டது. வேலை கொடுக்க வந்தபோது கோகிலவாணி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், வைரமணியும் சிரித்துக்கொண்டே கேட்டாள், நல்ல முடியாகவே நடுகிறேன் அக்கா, பாப்பா எவ்வளவு வேண்டுமானாலும் கடிக்கட்டும் என்று வாய் நிறையச் சொன்னாள். கடிக்கட்டும் என்றா சொன்னோம். அந்தச் சொல் இப்போது திரும்பி வந்து பல்லில் மாட்டிக்கொண்டது. சரி, குதிரைக்குள் இல்லையென்றால்? மேஜைமேல் இருக்கலாம், மேஜையைத் துடைத்த துணியில் இருக்கலாம், துணியை உதறிய வாசலில் இருக்கலாம். வாசலில் இருந்தால் போகட்டும், யார் காலிலாவது குத்திவிட்டுப் போகட்டும். ஆனால் அவள் மேஜையில் மட்டுமா உட்கார்ந்து நட்டாள்? வெக்கைக்குப் பயந்து தரையில் உட்கார்ந்து நட்டாள். அடுப்பில் பருப்பு வேகும்போது சமையற்கட்டு நிலைப்படியில் உட்கார்ந்து நட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளை மடியில் தூங்க, அவன் தலைக்கு மேலேயே குதிரையைப் பிடித்துக்கொண்டு நட்டாள். யாராவது அப்படிச் செய்வார்களா? அவள் செய்தாள். லோகித் தவழ ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. தரையில் அவன் கண்ணுக்குப் படாத பொருளே கிடையாது, கையில் எடுத்தால் அடுத்த நொடி வாயில். சுண்ணாம்புச் செதிள், செத்த எறும்பு, பிய்ந்த செருப்பு வார், எல்லாவற்றையும் அவன் வாயிலிருந்து எடுத்திருக்கிறாள். எல்லாமே பெரியவை, எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தவை.

இரும்பு சும்மா ஒடியாது. ஊசியின் காதை வெட்டுவதற்கு முன்னால் அதைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும், காய்ச்சியதைச் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆற விட வேண்டும். மெல்ல ஆறினால் எஃகு இளகிக் கொடுக்கும், பலமாக அழுத்தினால் வளையுமே தவிர ஒடியாது. சாம்பலுக்காகவே எதிர்வீட்டு விறகடுப்பிலிருந்து ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறாள். மற்ற ஊசிகளெல்லாம் அப்படி ஆறியவைதான். இந்த ஒன்று மட்டும். இந்த ஒன்றை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டி, அது செவசெவ என்று ஆகிக்கொண்டிருக்கும்போது பிள்ளை முழித்துக்கொண்டு வீறிட்டான். தொட்டிலை விட்டு எட்டிப் பார்த்துத் தலைகீழாகத் தொங்குகிறவன் அவன். சாம்பல் டப்பா தரையில் இருந்தது. பழுத்த ஊசியைத் தரையில் இருக்கிற டப்பாவில் போட்டுவிட்டுப் போனால் இவன் தவழ்ந்து வந்து கையை விட்டுவிடுவானே, சுட்டுக்கொள்வானே என்று பயந்து, அந்த ஒரு பயத்தில், குழாயைத் திறந்து தண்ணீரில் காட்டிவிட்டாள். சுர் என்றது. அந்தச் சத்தத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பழுத்த எஃகைத் தண்ணீரில் போட்டால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கடினம் அதிகம், பொறுமை இல்லை, சில மனிதர்களைப் போல. மறுபடி காய்ச்சி மறுபடி சாம்பலில் போடலாம் என்று நினைத்தாள், நினைத்ததோடு சரி. பிள்ளையைத் தூக்கினாள், பால் கொடுத்தாள், அவன் தூங்கினதும் ஊசியை எடுத்து வெட்டினாள், நன்றாகத்தான் வெட்டுப்பட்டது, டக்கென்று. மற்ற ஊசிகள் அப்படி டக்கென்று வெட்டுப்படுவதில்லையே. பிள்ளைக்குச் சூடு படக்கூடாது என்று செய்தது. பதறிய காரியம் சிதறும் என்பார்கள், சிதறியது எங்கே போய் விழும் என்று யாரும் சொல்வதில்லை.

பனியன் கம்பெனியில் இருந்திருந்தால் இந்நேரம் லைனையே நிறுத்தியிருப்பார்கள். திருப்பூருக்கு வந்த புதிதில் அவள் குழந்தைத் துணி தைக்கிற லைனில் இருந்தாள், வெளிநாட்டுக்குப் போகிற குழந்தைத் துணி, அங்கே ஊசி உடைந்தால் சாவு விழுந்த வீடு மாதிரி. மெஷினை நிறுத்து, கையைத் தூக்கு, எழுந்திருக்காதே, பாவாடையை உதறாதே. சூப்பர்வைசர் ரங்கராஜ் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வருவார். உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு முழு ஊசியாக வைத்துக் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அன்றைக்குத் தைத்த கட்டு முழுவதும் ஓரம்கட்டப்படும். ஒருநாள் செல்லக்கனியின் மெஷினில் ஊசி உடைந்து முனை மட்டும் அகப்படவேயில்லை. தரையில் தேடினார்கள், மெஷினைக் கழற்றித் தேடினார்கள், துணியை நூல் நூலாகப் பிரித்துத் தேடினார்கள், டீக்குப் போகக்கூட விடவில்லை. முட்டி போட்டுத் தேடிய பெண்கள் எல்லாரும் செல்லக்கனியைத் திட்டினார்கள், அவள் அழுதாள். கடைசியில் அவள் தலையைக் குனிந்து அழுதபோது பின்னால் நின்றவள் பார்த்தாள், கொண்டையில் வைத்திருந்த மல்லிகைக்குள் முனை மினுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லைனே சிரித்தது, ரங்கராஜே சிரித்தார், பூ வைக்காம வாங்கம்மா என்று கைகூப்பினார். அப்போது வைரமணியும் வயிறு வலிக்கச் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. துண்டு பறக்கும் என்பதுதான் அந்தக் கதை. கண்ணுக்கு முன்னால் உடைந்தது பின்கொண்டையில் போய் உட்காரும் என்பதுதான் கதை. அங்கே உடைந்தது தெரிந்தது, உடனே தெரிந்தது, இங்கே எப்போது உடைந்தது என்றே தெரியாதே. பிடரியின் கடைசி வரிசைகளில் முடி அடிக்கடி ஊசியிலிருந்து நழுவியது. கை வியர்வை என்று நினைத்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். அப்போதே ஒரு கால் போயிருந்ததா? அந்த வரிசைகளை எங்கே உட்கார்ந்து நட்டாள்? நிலைப்படியிலா, கட்டிலிலா? கட்டில் என்றால் மடியில் பிள்ளை. மனம் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது, முரண்டு பிடிக்கிற மாடு மாதிரி அதற்கு மேல் ஓர் அடி வைக்க மாட்டேன் என்கிறது, பிறகு சுற்றி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரு கால் குட்டை. எள்ளின் நீளம். எங்கே.

தொட்டிலில் லோகித் தூங்கிக்கொண்டிருந்தான். கூரைக் கொக்கியில் தொங்கிய பழைய புடவை, அவன் எடைக்குக் கீழே முட்டியளவுக்குத் தாழ்ந்திருந்தது. வைரமணி துணியை விலக்கி அவன் வாயைப் பார்த்தாள். பாதி திறந்திருந்தது, எச்சில் ஒழுகியிருந்தது, எச்சில் வெள்ளையாகத்தான் இருந்தது, சிவப்பில்லை. காலையில் கேழ்வரகுக் கூழைத் துப்பினானே. தினமும்தானே துப்புகிறான். தினமும் துப்புவது வேறு, இன்றைக்குத் துப்பியது வேறு, இன்றைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினான். தினமும் சுளிப்பான். இல்லை, இன்றைக்கு இடது பக்கமாகத் தலையைச் சாய்த்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளுக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்து என்ன, பேய் பேயாகத்தான் தெரிகிறது. சின்ன வயதில், ஆண்டிபட்டியில், பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லித்தந்த டீச்சர் ஊசியை யாருக்கும் கையில் தரமாட்டார், மேஜைமேல் வைப்பார், எடுத்துக்கொள்ள வேண்டும். ஊசியக் கைமாத்துனா பகை என்பார். அது போக இன்னொன்றும் சொல்வார், உடம்புக்குள்ள போன ஊசி போன எடத்துல நிக்காதுடி, ரத்தத்தோட ஓடும், ஓடி ஓடி நெஞ்சுல போய்த்தான் நிக்கும். நிஜமோ பொய்யோ. அந்த வயதில் இரவெல்லாம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், ஏதாவது குத்துகிறதா என்று. இப்போது மெல்லக் கையை நீட்டிப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள். தடதடவென்று அடித்தது. குழந்தைகளுக்கு அப்படித்தான் அடிக்கும். அப்படித்தானா? இதற்கு முன்னால் கையை வைத்துப் பார்த்திருந்தால்தானே தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், படம் எடுக்கச் சொல்லலாம். என்னம்மா ஆச்சு என்று கேட்பார்கள், ஒன்றும் ஆகவில்லை சார், ஒரு ஊசித் துண்டு காணாமல் போயிற்று என்பதா. சாயப்பட்டறையில் ஷிப்டில் இருக்கிற புருஷன் ஈஸ்வரனுக்குப் போன் செய்யலாம். அவன் கோபக்காரனில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு ஓடி வருவான், வந்து ஒன்றும் சொல்லாமல் தரையைத் தடவுவான். பொம்மைக்கு மயிர் நடுகிற வேலை உனக்கு எதுக்கு வைரம் என்று அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்றைக்குச் சண்டையாவது போடலாம்.

காந்தம் இருந்தது. கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது, கம்பெனிப் பழக்கத்தில் எடுத்து வைத்தது. தரை முழுக்க இழுத்தாள், பாய்க்கு அடியில், கட்டில் காலோரம், நிலைப்படி இடுக்கில். ஒரு கொக்கிப் பின் வந்தது, துருத்தூள் வந்தது, எப்போதோ தொலைத்த மூக்குத்தித் திருகு வருமா என்று ஒரு கணம் நப்பாசைகூட வந்தது, பொன் காந்தத்தில் ஒட்டாது என்று நினைவு வந்து தன்னையே வைதுகொண்டாள், இந்த நேரத்திலும் உனக்கு மூக்குத்தி கேட்கிறது. எள் வரவில்லை. குதிரையின் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பழுதுக்கு வரும்போது இந்தக் குதிரைகளின் வாலடியில் ஓர் இரும்பு வளையம் இருக்கும், துருப்பிடித்து வாலைக் கெடுக்கும், அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் கட்டு போடுவதுதான் அவள் முதல் வேலை. ஆகவே இந்தக் குதிரையில் காந்தத்துக்கு வேலையில்லை, இழுத்தால் அது எள்தான். இழுக்கவில்லை. இழுத்த மாதிரி இருந்தது. பிடரியின் நடுவில், காதுக்குப் பின்னால், ஒரு துளி தயங்கின மாதிரி. மறுபடி வைத்தாள், தயங்கவில்லை. கைதான் நடுங்கியதா? ரப்பர் தடிமன், அதற்குள் பசை தடிமன், அதற்குள் ஓர் எள் கிடந்தால் இந்தக் கிழட்டுக் காந்தம் எப்படிக் கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி வெட்டிப் பார்ப்பது. பிடரியை மழித்துக் கழுத்தைக் கிழித்து, இறுகிப்போன பசையை உரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கத்தரி பக்கத்திலேயே இருந்தது. கையை நீட்டினாள், நீட்டிய கை நின்றது. குதிரை பாழாகும் என்பதற்காக நிற்கவில்லை. வெட்டிப் பார்த்து, அதற்குள் இல்லையென்றால்? வெட்டாத வரைக்கும் அது குதிரைக்குள் இருக்கலாம். வீட்டில் அந்த எள் இருந்துவிட்டுப் போகக்கூடிய ஒரே பாதுகாப்பான இடம் அந்தக் கழுத்துதான். இதைக் கண்டுகொண்டதும் வைரமணிக்கு உடம்பு ஒருமுறை குளிர்ந்து அடங்கியது. பாதுகாப்பா? யாருக்கு? அந்தக் கழுத்திலிருக்கிற முடியைக் கடித்துக்கொண்டு ஒரு குழந்தை தூங்கப்போகிறது. ஆனால் அது இங்கே தூங்காது. கருமாரியம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள், கும்பிட்டாள், என்ன வேண்டிக்கொண்டோம் என்று வேண்டி முடித்த பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. குதிரைக்குள்ள இருக்கணும் தாயே. இதையா கேட்டோம். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளை வாயில் ஊசியைக் கொடு என்று வேண்டிக்கொண்டால் தன் பிள்ளை என்ன ஆகும்? அதற்கு ஒரு பழமொழி யாரும் சொல்லி வைக்கவில்லை. சாமி கேட்டிருக்கும். கேட்டிருக்காது. கேட்காதே தாயே, கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொண்டால் அது வேறெங்கே இருக்கும்? திருப்பி எடுக்கவும் பயமாக இருந்தது.

போன் அடித்தபோது தூக்கிவாரிப்போட்டது. கோகிலவாணி. "ஏனுங்க வைரமணி, முடிஞ்சுதுங்களா? நாங்க சாப்புட்டுக் கெளம்பிட்டோமுங்க. பாப்பா தூங்கவே மாட்டீங்கறா, குதிரை குதிரைன்னு ஒரே ரவுசு." இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு அக்கா, நாளைக்கு வாங்க என்று சொல்ல வாயெடுத்தாள். "முடிஞ்சிருச்சுக்கா, வாங்க" என்று வாய் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னது? போகட்டும் என்றுதான் சொன்னது. குதிரை இந்த வீட்டை விட்டுப் போகட்டும், எள்ளையும் கொண்டுபோகட்டும், போய்விட்டால் இது இங்கே இல்லை என்று நம்பிக்கொள்ளலாம். நம்பிக்கொண்டு தூங்கலாம். அங்கே ஒருத்தி இரவில் மகள் அழுகிறாளே என்று எழுந்து விளக்கைப் போடுவாள், பிடரி முடி ஈறில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று இழுப்பாள். இல்லை, அப்படியெல்லாம் நடக்காது, பசைக்குள் மாட்டிக்கொண்டது வெளியே வராது. பசைக்குள் மாட்டிக்கொண்டிருந்தால். முடியோடு முடியாகத் துளை வாயிலேயே குத்திட்டு நின்றால்? சீப்புப் போட்டாளே, சீப்பில் தட்டியிருக்குமே. தட்டியதா? எப்போதோ ஒரு சிக்கு தட்டியது, சிக்கு என்று நினைத்து இழுத்தாள். தொட்டில் அசைந்தது. லோகித் முழித்துக்கொண்டு, புடவை விளிம்புக்கு மேலே இரண்டு விரலும் ஒரு கண்ணும் தெரிய, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கீழே இறங்க நெளிந்தான், தரையைப் பார்த்துக் கையை நீட்டி ஆ ஆ என்றான். அவன் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள். சிமென்ட் தரை, பழைய தரை, முழுக்கப் புள்ளி புள்ளியாக மினுங்குகிறது. இந்தத் தரை இப்படி மினுங்கும் என்று இதுவரை அவள் கவனித்ததே இல்லை.

கோகிலவாணி வந்தாள், கூடவே மிருதுளா, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தது. நாலு வயசு, உச்சியில் தென்னங்குருத்து மாதிரி ஒரு சிண்டு. "ஐ, முடி!" என்று மேஜைமேல் இருந்த குதிரையை இரண்டு கையாலும் எடுத்து, ஒருமுறை பார்த்து, நேராகப் பிடரியை வாயில் வைத்தது.

வைரமணி யோசிக்கவில்லை. இத்தனை நேரம் யோசித்துக்கொண்டே இருந்தவள் அந்த ஒரு நொடி மட்டும் யோசிக்கவில்லை. இடுப்பில் பிள்ளையோடு பாய்ந்து குதிரையைப் பிடுங்கினாள். முடி அந்தப் பெண்ணின் பல்லிடுக்கிலிருந்து சர்ரென்று வெளியே வந்தது. மிருதுளா திகைத்து, பிறகு உதட்டைப் பிதுக்கி, பிறகு ஊரைக் கூட்டியது.

"என்னங்க இது!" கோகிலவாணி மகளை அணைத்துக்கொண்டாள். "குழந்தைகிட்ட இப்புடியா புடுங்குவீங்க?"

"வாயைத் தொறக்கச் சொல்லுங்கக்கா. வாயைப் பாருங்க, குத்துச்சா கேளுங்க. ஊசி ஒடைஞ்சுபோச்சுக்கா. துண்டைக் காணோம். குதிரைக்குள்ள இருக்குமோன்னு..."

கோகிலவாணி மகளின் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினாள், கன்னத்தின் உள்பக்கம், நாக்குக்கு அடியில். ஒன்றுமில்லை. அவள் முகத்திலிருந்த கோபம் மெல்ல வேறொன்றாக மாறுவதை வைரமணி பார்த்தாள். இப்போது திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று நின்றாள். "வெட்டிப் பாத்துருங்க" என்றாள் கோகிலவாணி. "குதிரை போனாப் போகுது. குடுங்க, தம்பிய நா வெச்சுக்கறன்." லோகித்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் புது முகத்தைப் பார்த்து மிரண்டு, பிறகு அவள் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டான். "பேசாமக் குடுத்து அனுப்பிச்சிருந்தா எங்களுக்கு என்ன தெரியப்போகுதுங்க. அடுத்தவங்க கொழந்தைன்னு நெனைக்காம சொன்னீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வருமுங்க" என்றாள். வைரமணி தலையைத் தூக்கவில்லை. கத்தரி ஊதா முடியைக் கடித்தது.

மழிக்க மழிக்க, தான் நட்ட கற்றைகள் மடியில் விழுந்தன. ஒவ்வொரு கற்றையையும் விரலால் உருவி, விரிந்த நைட்டியில் பரப்பிப் பார்த்தாள், கம்பெனியில் துணியை நூல் நூலாகப் பார்த்த மாதிரி. பிறகு தலையைக் கழற்றிக் கழுத்தை நீளவாக்கில் கிழித்தாள். உள்ளே பசை மஞ்சளாக இறுகி, மேல்தோல் உரிந்த புண் மாதிரி இருந்தது. கத்தி முனையால் உரித்தாள். இருக்கணும். வாய்விட்டுச் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது. இருக்கணும், இதுக்குள்ள இருக்கணும். பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற மிருதுளாவின் கன்னத்தில் இன்னும் கண்ணீர் காயவில்லை, அவள் வாயோரத்தில் ஓர் ஊதா முடி ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கணும் இருக்கணும் என்று உரித்தாள். உரித்த பசையை விரலுக்கு நடுவே நசுக்கினாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், காந்தத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு துண்டு கெட்டியாகத் தட்டுப்பட்டது. நெஞ்சு குதித்தது, சந்தோஷத்தில்தான் குதித்தது, அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். நசுக்கினாள், முடி முடிச்சு. அடுத்தது. அதற்கடுத்தது. காதுக்குப் பின்னால், காந்தம் தயங்கிய இடத்தில், பசை சுத்தமாக இருந்தது. குதிரையின் கழுத்து இரண்டு தோலாக மேஜைமேல் மலர்ந்து கிடந்தது, துளைகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சம் தெரிந்தது. பார்க்க இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று வைரமணி பார்த்தாள். மிச்சமில்லை.

"இல்லைங்களா?" என்றாள் கோகிலவாணி.

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தீங்களா? ஒரு துண்டுகூட?"

"இல்லக்கா. இதுல இல்ல."

கோகிலவாணி கண்ணை மூடி, அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டாள். மகளை ஒரு கையால் இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். "அப்பாடா, கடவுளே! இதுல இல்லைங்க, அது போதுமுங்க எனக்கு. குதிரை வேற வாங்கிக்கலாம். நீங்க எதுக்குங்க இப்புடி நடுங்கறீங்க, அதுதான் ஒண்ணும் ஆகலியே!" சிரித்தாள், நிஜமான சிரிப்பு, ஒரு தாயின் உயிர் திரும்பி வந்த சிரிப்பு. மடியிலிருந்த லோகித் தரையைப் பார்த்துக் கையை நீட்டி நெளிந்தான். "அம்மாகிட்டப் போறயா சாமி? போ, போ" என்று கோகிலவாணி குனிந்து, அவனைக் கீழே இறக்கினாள்.

"விடாதீங்க!" வைரமணி கத்தினாள். "அக்கா, தரையில விடாதீங்க!"